குருதியில் ஓர் எழுத்து

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே 'குருதியில் ஓர் எழுத்து' என்னும் தலைப்பைக் கண்ட நண்பர் ஒருவர், "சங்ககாலப் போர்க்களத்தைப் பற்றிப் பேசப் போகிறீர்களா, அம்மா?" என்று வினவினார். "இல்லை, புரதங்களைப் பற்றிப் பேசப் போகிறேன்" என்றேன். தமிழ் விரிவுரையாளர் ஒருத்திக்குப் புரதத்தோடு என்ன உறவு என்று அவர் வியந்தார். அந்த உறவு எனக்கு ஏற்பட்ட காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது நான் பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்கது அன்று.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நீலகிரி மலைப்பகுதியைச் சேர்ந்த பழங்குடி மாணவி ஒருத்தி என் வகுப்பில் பயின்றாள். நன்றாக எழுதக்கூடியவள். ஆனால் மாதத்தில் நான்கைந்து நாள் வகுப்புக்கு வரமாட்டாள். ஒருநாள் வகுப்பில் அனைவர் முன்னிலையிலும், "படிக்க மனமிருந்தால் உடம்பு ஒரு தடையாகாது" என்று கடிந்துரைத்தேன். அவள் மறுமொழி கூறவில்லை. வகுப்பு முடிந்தபின் மருத்துவச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள்.

"வலி வந்தால் மூன்று நாள் எழுந்திருக்க முடியாது, அம்மா. எலும்புக்குள் நெருப்பு வைத்தாற்போல் இருக்கும். எங்கள் இரத்தமே கெட்ட இரத்தம் என்கிறார்கள். என் தலையெழுத்து" என்றாள்.

அவள் கூறியவற்றுள் வலியைப் பற்றிய சொற்களுக்கு நான் வருந்தினேன். 'கெட்ட இரத்தம்', 'தலையெழுத்து' என்னும் சொற்களுக்கு என்னிடம் விடை இல்லை. சொற்களைக் கற்பித்து ஊதியம் பெறுபவள் நான்; அச்சொற்கள் பொருந்துமா பொருந்தாவா என்று கூட எனக்குத் தெரியவில்லை. அன்று மாலையே உயிர்வேதியியல் துறைக்குச் சென்றேன். அங்கிருந்த பேராசிரியை ஒருவர் பெரிய மனத்தோடு என்னைத் தம் மாணவியாக ஏற்றுக்கொண்டார். அவரிடம் கற்றதையும், அதற்குப்பின் நானாகப் படித்தறிந்ததையும் தமிழ் கற்றவள் என்ற நிலையில் நின்று உங்கள்முன் வைக்கிறேன்.

புரதம் என்னும் தொடர்

தமிழ் எழுத்துகள் முப்பது என்று தொல்காப்பியர் வரையறுத்தார். புரதத்தின் நெடுங்கணக்கில் இருப்பவை இருபதே. அவ்விருபதும் அமினோ அமிலங்கள். அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்படும்போது புரதம் என்னும் தொடர் பிறக்கிறது. நம் தசையும், தோலும், தலைமுடியும் இத்தகைய தொடர்களால் ஆனவையே. நொதிகள் எனப்படுபவையும் பெரும்பாலும் புரதங்களே. தாம் மாறாமல் நின்று உடலுக்குள் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்துவது அவற்றின் தொழில். செவ்வணுவுக்குள் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதியின் ஒரு மூலக்கூறு, நொடிக்குப் பத்து இலட்சம் வரையிலான கரியமில வாயு மூலக்கூறுகளை நீரோடு சேர்த்து மாற்றவல்லது. நாம் ஒவ்வொரு முறையும் மூச்சு விடுவதற்குப் பின்னால் அதன் உழைப்பு இருக்கிறது.

குருதிக்குச் செந்நிறம் தரும் புரதம் ஈமோகுளோபின். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறத்தாழ 50 இலட்சம் செவ்வணுக்கள் உள்ளன. ஒவ்வொரு செவ்வணுவிலும் ஏறத்தாழ 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு இழைகளால் ஆனது. ஆல்பா இழை இரண்டு. அவை ஒவ்வொன்றிலும் 141 அமினோ அமிலங்கள். பீட்டா இழை இரண்டு. அவை ஒவ்வொன்றிலும் 146. ஆக மொத்தம் 574 எழுத்துகள் கொண்ட ஒரு நூல் என்று நாம் கொள்ளலாம். ஒவ்வோர் இழையின் மடியிலும் ஓர் இரும்பணு அமர்ந்திருக்கிறது. நுரையீரலில் உயிர்வளியைப் பற்றிக்கொண்டு, உடலின் கடைக்கோடியில் அதை விட்டுவருவது அதன் பணி.

இந்நூலின் வடிவத்தைக் கண்டறியக் கேம்பிரிட்ஜில் மாக்ஸ் பெருட்ஸ் 1937ஆம் ஆண்டு பணியைத் தொடங்கினார். அவருக்கு அவ்வடிவம் புலப்பட்டது 1959இல். ஒரே மூலக்கூற்றின் முன் இருபத்திரண்டு ஆண்டுகள்! 1962இல் ஜான் கெண்ட்ரூவோடு அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. எழுத்துகளின் வரிசை இழையின் வடிவத்தை அமைக்கிறது. வடிவம் அதன் தொழிலை அமைக்கிறது. செய்யுளில் சீர் பிறழ்ந்தால் ஓசை கெடுவதைக் காதால் அறிந்த கவிஞர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுவதில்லை.

பாடபேதம் கண்ட கதை

1910ஆம் ஆண்டு, சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் பயில வந்திருந்த ஓர் இளைஞரின் குருதியில், வட்டமாக இருக்கவேண்டிய செவ்வணுக்கள் நீண்டு வளைந்து அரிவாள் வடிவில் இருந்ததை அதில் குறிப்பிட்டார். அவ்விளைஞருக்கு ஏன் அவ்வாறு நேர்ந்தது என்பதை அவரால் கூற இயலவில்லை.

விடையின் முதற்பகுதி 1949இல் வந்தது. லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் நோயாளரின் ஈமோகுளோபினையும் மற்றவருடைய ஈமோகுளோபினையும் மின்புலத்தில் ஓடவிட்டனர். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்தன. அணுவின் வடிவம் திரிந்ததற்கு மூலக்கூறு திரிந்திருப்பதே காரணம் என்று அவர்கள் உணர்ந்தனர். 'மூலக்கூற்று நோய்' என்னும் பெயர் அன்று பிறந்தது.

அத்திரிபு எங்கே இருக்கிறது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பணியாற்றிய வெர்னன் இங்கிராம். அவர் மேற்கொண்ட முறையைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அது நம் பதிப்பாசிரியர்களின் முறையேதான்! கணையநீரில் டிரிப்சின் என்னும் நொதி உண்டு. புரத இழையை அது கண்ட இடத்தில் வெட்டுவதில்லை. லைசின், ஆர்ஜினின் என்னும் இரண்டு எழுத்துகளை அடுத்து மட்டுமே வெட்டும். சுவடியில் இடைவெளியின்றி ஓடும் அடிகளை ஈற்றெழுத்து நோக்கிப் பதம் பிரிக்கும் புலவரைப் போன்றது அந்நொதி. இங்கிராம் இரண்டு ஈமோகுளோபின்களையும் அந்நொதியால் துண்டுகளாக்கி, தாளில் பரப்பி, சாயமிட்டு, அருகருகே வைத்து நோக்கினார். துண்டுகள் எல்லாம் ஒத்திருந்தன. ஒன்றே ஒன்று இடம் மாறியிருந்தது. 1956இல் அத்துண்டைக் கண்டார். மறு ஆண்டில் அதற்குள் மாறியிருந்த எழுத்தையும் கண்டார். அது பீட்டா இழையில் ஆறாம் இடத்து எழுத்து என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அங்கே குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டும். வேலின் என்னும் வேறோர் அமினோ அமிலம் இருந்தது. எஞ்சிய 145 எழுத்துகளும் மாறவில்லை.

இரண்டு சுவடிகளை ஒப்பிட்டு ஒரே ஒரு பாடபேதத்தைக் கண்டறிந்த அந்த முயற்சி, ஒரு பரம்பரை நோயின் காரணத்தைப் புரதத்தின் ஓர் எழுத்தில் முதன்முதலாகக் காட்டிற்று.

ஓரெழுத்தின் விளைவு

அச்சகத்தோடு பழகிய நமக்கு ஓரெழுத்தின் வலிமை தெரியும். 'உழவுத் தொழில்' என்று எழுதிக் கொடுத்த கட்டுரை 'உளவுத் தொழில்' என்று அச்சாகி வந்தால், வயலில் நின்ற நல்ல மனிதர் ஒற்றராகிவிடுகிறார். படிப்பவர் சிரிப்பார், பிழைதிருத்தத்தில் சரிசெய்துவிடலாம். குருதியில் நேர்ந்த மாற்றத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை.

குளூட்டாமிக் அமிலம் நீரை விரும்புவது. வேலின் நீரை வெறுப்பது. உயிர்வளியை ஏந்தியிருக்கும் வரையில் ஈமோகுளோபினுக்குத் தொல்லை இல்லை. அதை விட்டவுடன் மூலக்கூற்றின் வடிவம் சற்று மாறுகிறது. அப்போது ஒரு மூலக்கூற்றின் வேலின், நீரை விட்டு விலகி, அண்டை மூலக்கூற்றில் உள்ள ஒரு சிறு பள்ளத்தில் சென்று பொருந்துகிறது. அதோடு மற்றொன்று, அதோடு வேறொன்று என்று மூலக்கூறுகள் கயிறாகத் திரிகின்றன. அக்கயிறுகள் செவ்வணுவை உள்ளிருந்து முறுக்கிப் பிறைபோல் வளைத்துவிடுகின்றன. மெல்லிய குருதிக்குழாய்களில் நெளிந்து செல்லவேண்டிய அணு விறைத்து நின்று வழியை அடைக்கிறது. அடைப்புக்கு அப்பால் உள்ள திசு மூச்சுக்குத் தவிக்கிறது. என் மாணவி 'எலும்புக்குள் நெருப்பு' என்று சொன்னது இத்தவிப்பைத்தான். 120 நாள் வாழவேண்டிய செவ்வணு பத்து முதல் இருபது நாளில் அழிகிறது. ஆகவே சோகையும் உடன் வருகிறது.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இவ்வெழுத்து தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் சேர்ந்து வந்தாலே இந்நோய் உண்டாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவரிடம் மாறாத ஈமோகுளோபினும் பாதிக்குமேல் இருக்கும். பொதுவாக அவர் நலமாகவே வாழ்வார். அத்தகைய இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

இவ்வெழுத்து ஏன் நிலைத்தது?

இத்துணைத் துன்பம் தரும் எழுத்து தலைமுறைதோறும் தேய்ந்து மறைந்திருக்க வேண்டும் அன்றோ? மறையவில்லை. அதற்குரிய காரணத்தை 1954இல் அந்தோணி ஆலிசன் என்னும் மருத்துவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் கண்டார். இவ்வெழுத்தை ஒருபால் மட்டும் பெற்ற குழந்தைகள், உயிர்கொல்லும் மலேரியாவுக்கு எளிதில் இரையாவதில்லை. கொசு மிகுந்த நாட்டில் அவர்கள் பிழைத்தனர், வளர்ந்தனர், தம் மக்களுக்கும் அவ்வெழுத்தை அளித்தனர். குருதிநோய் ஒன்றுக்கும் மலேரியாவுக்கும் இவ்வாறு தொடர்பிருக்கலாம் என்று 1949இலேயே தாலசீமியா என்னும் மற்றொரு நோயை வைத்துக் கருதியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். அவர் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

இந்தியாவில் இவ்வெழுத்து கண்டறியப்பட்ட முதல் இடங்களுள் ஒன்று நம் நீலகிரி. 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இதைக் கண்டு வெளியிட்டனர். அக்காலத்தில், ஆப்பிரிக்காவுக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையே பழைய இனத்தொடர்பு உண்டா என்று இக்குருதியில் தேடினோரும் இருந்தனர். நான் கருதுவது வேறு. மலையடிவாரக் காடுகளில் காய்ச்சலுக்கு மற்றவர் அஞ்சி ஒதுங்கிய நிலத்தில், இம்மக்களின் முன்னோர் வாழ்ந்து காட்டினர். அவ்வாழ்வுக்கு அவர்கள் கொடுத்த விலையின் கணக்கு இந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. பிழைத்திருந்ததற்குச் சான்றாக நிற்கும் ஒன்றைக் 'கெட்ட இரத்தம்' என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்? குருதியில் கெட்டது, நல்லது, உயர்ந்தது, தாழ்ந்தது என்று வேதியியல் எதையும் காட்டவில்லை. 'தூய குருதி', 'குலக்குருதி' என்றெல்லாம் மேடையில் முழங்குகிறோமே, அச்சொற்களுக்கு ஆய்வகத்தில் ஒரு பொருளும் இல்லை.

தலையெழுத்து

என் மாணவி சொன்ன மற்றொரு சொல்லுக்கு வருகிறேன்.

மூலக்கூற்று நோய் என்னும் உண்மையைக் கண்ட அதே லைனஸ் பாலிங், 1968இல் எழுதிய ஒரு கட்டுரையில், இத்தகைய மரபுக்கூற்றை உடைய இளைஞர் ஒவ்வொருவர் நெற்றியிலும் அதைக் காட்டும் ஓர் அடையாளத்தைப் பச்சை குத்தவேண்டும் என்று கருத்துரைத்தார். ஒரே எழுத்தை உடைய இருவர் ஒருவரையொருவர் அறிந்து, காதல் கொள்ளாமல் விலகிக்கொள்ள அது உதவுமாம்! வேதியியலுக்கும் அமைதிக்கும் இருமுறை நோபல் பரிசு பெற்றவர் அவர். பிறக்கப்போகும் குழந்தைகளின் துன்பத்தைத் தவிர்க்கவேண்டும் என்னும் இரக்கத்தாலேயே அவ்வாறு எழுதினார் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் இதைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தலையெழுத்து என்று நாம் வழக்கில் சொல்வதை, மையாலும் ஊசியாலும் மெய்யாகவே எழுதிவிட நினைத்தாரே என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவருடைய கருத்தை யாரும் செயற்படுத்தவில்லை. எனினும் நெற்றியில் எழுதாமலே எழுதியதற்கு ஒப்பான செயல்கள் நடந்தன. 1970களில் அமெரிக்க மாநிலங்கள் பல கறுப்பின மக்களைக் கருதிக் கட்டாயச் சோதனைச் சட்டங்களை இயற்றின. நோயுற்றவர் வேறு, எழுத்தை ஒருபால் மட்டும் உடையவர் வேறு என்னும் வேறுபாடு பலருக்கும் விளங்கவில்லை. நலமாக இருந்தோர் வேலைவாய்ப்பையும் காப்பீட்டையும் இழந்தனர். அமெரிக்க வான்படைக் கல்விக்கழகம் அத்தகையோரைச் சேர்க்க மறுத்துவந்தது. 1981இல்தான் அத்தடை நீங்கியது. அறிவு சரியாக இருந்தும், அதைச் சொன்ன சொல் தெளிவற்றுப் போனதால் விளைந்த கேடு இது.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் தேசிய அளவில் இந்நோய் ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. பழங்குடி மக்கள் மிகுந்த பகுதிகளில் நாற்பது வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைச் சோதிப்பதும், 2047க்குள் இந்நோயை ஒழிப்பதும் அதன் நோக்கங்கள். சோதிக்கப்பட்டவருக்கு அவருடைய குருதிநிலையைக் காட்டும் அட்டையும் தரப்படுகிறது. இதை நான் வரவேற்கிறேன். தன் குருதியைத் தான் அறிவது ஒருவருடைய உரிமை. அவ்வட்டை அவர் கையில் இருக்கும் வரை அது அறிவு. ஊரார் வாயில் புகுந்துவிட்டால் அதுவே நெற்றியில் குத்திய பச்சை. திருமணப் பேச்சில் அட்டையைக் கேட்டு ஒரு பெண்ணை ஒதுக்குவோர், பையனின் குருதியைச் சோதித்துப் பார்த்தார்களா என்று நான் கேட்பதுண்டு. எழுத்து இருவரிடமிருந்தும் வந்தால்தானே நோய்?

மருத்துவமும் கைகட்டி நிற்கவில்லை. பிறந்த குழந்தையின் குருதியில் கருப்பருவ ஈமோகுளோபின் நிறைந்திருக்கும். அதில் இம்மாற்றம் இல்லை. அதனாலேயே குழந்தைகளுக்கு முதல் சில மாதங்களில் நோய் தோன்றுவதில்லை என்பதை 1948இல் ஜேனட் வாட்சன் என்னும் பெண் மருத்துவர் எடுத்துக்காட்டினார். அப்பழைய ஈமோகுளோபினை மீண்டும் பெருக்கும் ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நம் நாட்டிலும் அது தரப்படுகிறது. 2023இன் இறுதியில், நோயாளரின் சொந்த உயிரணுக்களில் மரபெழுத்தைத் திருத்தி, கருப்பருவ ஈமோகுளோபினை மீளச் சுரக்கச் செய்யும் சிகிச்சைக்குப் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் வழங்கின. அதற்கு அமெரிக்காவில் வைக்கப்பட்ட விலை 22 இலட்சம் டாலர். எழுத்துப் பிழையைத் திருத்த வழி பிறந்துவிட்டது. அவ்விலையைக் கேட்டால், மலையில் கூலிவேலை செய்வோருக்கு அது பிறக்காதது போலத்தான். ஆயினும் திருத்தக்கூடிய எழுத்தைத் தலையெழுத்து என்று இனிச் சொல்லக்கூடாது என்பது மட்டும் உறுதியாயிற்று.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்

இத்தனையும் சொன்னதற்குக் காரணம் உங்களிடம் ஒன்று கேட்பதற்கே.

இவ்வெழுத்தை ஒருபால் மட்டும் பெற்று நலமாக வாழ்பவரைக் குறிக்க நம்மிடம் நல்ல சொல் இல்லை. 'நோய் கடத்துபவர்' என்று எழுதுகிறார்கள். கடத்துபவர் என்றவுடன் நம் மனக்கண்ணில் நள்ளிரவில் மூட்டை தூக்கிச் செல்லும் உருவமன்றோ தோன்றுகிறது? குற்றமேதும் செய்யாத ஒரு பெண்ணை இச்சொல் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. நோயின் பெயரையும் 'அரிவாள் செல் சோகை' என்கிறோம். அரிவாள் என்றால் கதிர் அறுக்கும் கருவி நினைவுக்கு வந்த காலம் போய், வெட்டும் கொலையும் நினைவுக்கு வரும் காலமாகிவிட்டது. அவ்வணுவின் வடிவம் பிறையின் வடிவமே. 'பிறையணுச் சோகை' என்றால் என்ன? என் மனத்தில் தோன்றியதைச் சொன்னேன். இதனினும் சிறந்த சொல் உங்களிடம் பிறக்கக்கூடும். ஒருபால் எழுத்தை உடையவருக்கு எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. பழியேற்றாத, பொய்யும் சொல்லாத, மலைக்கிராமத்துத் தாய் ஒருத்தி தன் மகளைப் பற்றித் தயங்காமல் சொல்லக்கூடிய ஒரு சொல் வேண்டும். பதினோராம் ஆண்டில் இம்மன்றம் கூடும்போது அச்சொல்லோடு வாருங்கள்.

என் மாணவியைப் பற்றிக் கேட்பீர்கள். பட்டம் பெற்றாள். மருந்து உட்கொண்டு வருகிறாள். வலி குறைந்திருக்கிறது, முற்றும் நீங்கவில்லை. அவள் படிப்பை முடித்துச் செல்லும் நாளில், வகுப்பில் நான் சொன்ன சொல்லுக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை நான் அன்றே மறந்துவிட்டேன், அம்மா" என்றாள். அவள் மறந்திருக்கலாம். சொன்னவள் மறக்கக்கூடாது என்பதற்காகவே இன்று உங்கள்முன் அதைச் சொன்னேன்.